சோர் பஜார் எல்பியும் மும்பை மழையும்: வாங்குவது, கழுவுவது, காப்பது

மாட்டுங்காவிலிருந்து:

மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில், பழைய எல்பி இசைத்தட்டு கிடைக்கும் மட்டன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு விடியற்காலையில் தெருவில் கடை விரிப்பவர்கள் வேறு ஆட்கள். விலை குறைவு, ஆனால் போட்டுக் கேட்க வழியில்லை, கண்ணால்தான் முடிவு செய்யணும். மொபைல் டார்ச்சை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிங்க. குரூவ் (ஊசி ஓடும் பள்ளக்கோடு) பளபளக்காமல் சாம்பல் பூத்திருந்தால், பழைய பெட்டி பிளேயரின் கனமான ஊசி அதைத் தேய்த்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாக இருந்தால் நிறைய ஓடிய தட்டு. கீறலை நகத்தால் லேசாக வருடிப் பாருங்க. நகத்தில் தட்டுப்படாதது பெரும்பாலும் தொந்தரவு தராது. தட்டுப்பட்டால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 1.8 விநாடிக்கு ஒரு 'டக்' கேட்கும்.

தமிழ்த் தட்டுகள் இந்திக் குவியலுக்கு அடியில்தான் கிடக்கும். கொலம்பியா, இன்ரெகோ, எக்கோ லேபிள் தெரிந்தால் இழுங்க. உள்ளே இருப்பதும் அதே படம்தானா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீங்க, அட்டை மாறிக்கிடப்பது அங்கே சகஜம்.

செம்பூரிலிருந்து:

வாங்குவது பாதி வேலைதான் சார். ஜூன் வந்தால் பூஞ்சை. வெள்ளைப் புள்ளியாகவோ சிலந்தி வலை மாதிரியோ படரும். உலர்ந்த துணியால் துடைத்தால் குரூவுக்குள் இன்னும் இறங்கும்.

கழுவும் கலவை: 750 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 250 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு. மென்மையான பிரஷ்ஷால் குரூவ் போகும் திசையிலேயே சுற்றுங்க, குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசணும். இதை விட்டால் சோப்பு காய்ந்து ஊசி நுனியில் அப்பிக்கொள்ளும். டேங்கர் தண்ணீரில் அலசினால் உப்புப் படிந்து புதிதாகக் கரகரக்கும்.

பழைய உள்தாளைத் தூக்கிப் போடுங்க, பூஞ்சை வித்து அதில்தான் இருக்கிறது. மெத்தென்ற பிவிசி உறையும் வேண்டாம், நாளாவட்டத்தில் தட்டின் மேல் புகை மாதிரிப் படிய வைக்கும். பாலித்தீன் உறை நல்லது. மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீங்க. தட்டுகள் செங்குத்தாக நிற்கணும், சாய்ந்தால் வளையும். அட்டையோடு ஒரு எல்பி கிட்டத்தட்ட கால் கிலோ, பலகை தாங்குமா பாருங்க.

டோம்பிவிலியிலிருந்து:

ரத்திக்காரரிடம் (பழைய பேப்பர் கடைக்காரர்) '78' தட்டுகளும், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளும், வருகின்றன. இதே கலவையில் கழுவலாமா?

செம்பூரிலிருந்து:

கூடவே கூடாது! 78-இல் பெரும்பாலானவை அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரையும். டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு லிக்விடும் போதும், ஊற வைக்காமல் உடனே துடைத்துக் காய வைங்க. கீழே போட்டால் ஓடு மாதிரி உடையும், கூட்ட நேர லோக்கல் ரயிலில் கொண்டுவர வேண்டாம்.

மாட்டுங்காவிலிருந்து:

ஊசியும் வேறு. எல்பி ஊசி நுனி சுமார் 0.7 மில், 78-க்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பி ஊசியைப் போட்டால் அகலமான குரூவின் அடியில் அழுக்கை உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் மிஞ்சும். சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்டீல் ஊசி, அடுத்த பக்கத்துக்குப் புதுசு. எல்பியை அதில் ஏற்றவே ஏற்றாதீங்க.

ஊசி தட்டை அழுத்தும் எடையை ஊகத்தில் வைக்க வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கோங்க. ஊசி பொருந்தும் கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா ஏடி-விஎம்95இ என்றால் 2 கிராம், ஏடி3600எல் என்றால் அதைவிட அதிகம். எடை குறைந்தாலும் ஆபத்துதான்: ஊசி துள்ளித் துள்ளி குரூவ் சுவரைக் கொத்தும்.