கார்ஃப் கோட்டையில் அப்பா கேட்ட கேள்வி

போன செப்டம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் டோர்செட் பக்கம் இருக்கும் கார்ஃப் கோட்டைக்குப் போனேன். நார்டனில் காரை விட்டுவிட்டு நீராவி ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கார்ஃப்தான். ரயிலிலிருந்தே தெரிகிறது. பச்சைக் குன்றின் உச்சியில், பாதி கடித்து வைத்த முறுக்கு மாதிரி ஒரு கோட்டை.

வெளிவாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே ஏறினோம். தென்மேற்கு வாசல் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். அங்கே வாசலின் ஒரு பக்கக் கோபுரம் உடையாமல் அப்படியே முழுசாகக் கீழே இறங்கி நிற்கிறது. வளைவின் ஒரு பாதி மேலே, மறு பாதி ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே.

“ஏம்பா, இந்த ஊரில் பூகம்பம் வருமா?”

கோபுரம் வயதாகிச் சாய்ந்ததாகத்தான் நானும் நினைத்தேன். பலகையைப் படித்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. மனிதர்கள் வேலை மெனக்கெட்டு இடித்தது! 1640களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், இந்தக் கோட்டை அரசர் பக்கம் நின்ற பேங்க்ஸ் குடும்பத்தின் கையில் இருந்தது. 1643இல் முதல் முற்றுகை. கணவர் ஊரில் இல்லை. மேரி பேங்க்ஸ் சீமாட்டியே மகள்களையும் வேலைக்காரப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, மதில்மேலிருந்து கல்லும் தணலும் கொட்டி ஆறு வாரம் தாக்குப்பிடித்திருக்கிறார்.

அடுத்த முற்றுகையில் உள்ளாள் காலைவாரிவிட்டான். பிட்மன் என்ற அதிகாரி, உதவிப்படை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் எதிரிப் படையையே உள்ளே அழைத்துவந்துவிட்டார். அது 1646 பிப்ரவரி. மார்ச்சில் இடிக்கச் சொல்லி நாடாளுமன்றத்தின் உத்தரவு. சுவர்களுக்கு அடியில் குடைந்து வெடிமருந்தைத் திணித்துக் கொளுத்தினார்கள். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ஹென்றி காலத்தில் கட்டிய 21 மீட்டர் உயர நடுக்கோபுரம் அதற்கும் முழுசாக மசியவில்லை. இன்னும் பாதி நிற்கிறது. அந்தச் சுண்ணாம்புக்கல் அப்படி.

அப்பாவின் முழங்காலுக்கு நடுக்கோபுரம் வரை ஏறுவது பெரும்பாடு. உச்சியில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. காற்று வேறு ஆளைத் தள்ளியது. ஃப்ளாஸ்க் டீயை அங்கேயே குடித்தோம். இறங்கும்போதுதான் கீழே ஊரில் உள்ள வீடுகளைப் பார்த்தேன். எல்லாம் அதே சாம்பல் கல். இடிந்த கல்லை ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்களாம். அதன்பிறகு அப்பாவுக்குக் கோட்டை மறந்துபோய்விட்டது. தெருவில் ஒவ்வொரு வீட்டின் சுவரையும் தடவித் தடவி, “இது கோட்டைக் கல்தான்” என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நானும் கார்ஃப் போயிருக்கிறேன். அந்த இறங்கிய கோபுரத்தைப் பார்த்து எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. ஆனால் நீங்கள் பாதிக் கதையோடு திரும்பிவிட்டீர்கள். போருக்குப் பிறகு அதே குடும்பம் விம்போர்ன் பக்கத்தில் கிங்ஸ்டன் லேசி என்று ஒரு மாளிகை கட்டியது. சீமாட்டியின் வீரத்தை மதித்துக் கோட்டைச் சாவிகளை அவரிடமே விட்டுவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். அந்தச் சாவிகள் இப்போது மாளிகையின் நூலக அறையில் தொங்குகின்றன. கையில் சாவியோடு அவருக்கு ஒரு வெண்கலச் சிலையும் உண்டு. எனக்கென்னவோ கோட்டையைவிட அந்தச் சாவிகள்தான் அதிகம் மனதில் நின்றன. நல்ல கனமான இரும்பு.

*

அடடா, இது தெரியாமல் போய்விட்டதே! நேற்று ஃபோனில் அப்பாவிடம் சாவி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, அந்தப் பூட்டு எந்த வீட்டில் இருக்கும்?” என்றார். வரும் கோடையில் இன்னொரு முறை தெருத்தெருவாக நடக்க வேண்டியிருக்கும்.