ஒரு கியூபிட், இரண்டு வெப்பத்தேக்கம்: வெப்பம் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குப் போகிறது, உதவுங்கள்

கியூபிட்_மாணவன்: நாளை மறுநாள் வழிகாட்டியிடம் வரைபடம் காட்ட வேண்டும். கணினியில் போடும் கணக்கு: நடுவில் கியூபிட் (இரு நிலை குவாண்டம் அமைப்பு), ஒரு பக்கம் சூடான தேக்கம், மறுபக்கம் குளிர்ந்தது. இணைப்பு வலு குறைவாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வலுவைக் கூட்டினால் நிலைத்த நிலையில் வெப்ப ஓட்டத்தின் குறியே மாறிவிடுகிறது. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

அலைச்சார்பு: எந்த முறை? லிண்ட்பிளாடா, ரெட்ஃபீல்டா (இரண்டும் வலு குறைந்த இணைப்புக்கான தோராயங்கள்), ஹியோமா (HEOM, வலுவான இணைப்புக்கும் பொருந்தும் அடுக்குச் சமன்பாடுகள்)? இணைப்பு இயக்கிகள் (கியூபிட் தேக்கத்தோடு எப்படிப் பிணைகிறது என்பதைக் குறிக்கும் அணிகள்) என்ன? ஓட்டத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

தெற்குக்காற்று: லிண்ட்பிளாட்தான், சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக லிண்ட்பிளாட் போட்டால் குளிரிலிருந்து சூட்டுக்கு வெப்பம் போகும் என்று லெவியும் கோஸ்லாஃபும் 2014-லேயே காட்டிவிட்டார்கள்.

அலைச்சார்பு: அது ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு முனைகளுக்கு. இங்கே இருப்பது ஒரே கியூபிட்.

பழைய_கை: தம்பி, இரண்டாம் விதி உடைந்ததாக விடை வந்தால் இங்கே ஓடி வருவதற்கு முன் வெப்ப இயக்கவியல் பாடத்தை ஒருமுறை புரட்டுங்கள். இதே கேள்வி மாதாமாதம் வருகிறது.

கியூபிட்_மாணவன்: ஹியோம், க்யூடிப் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில். தேக்கங்களுக்கு ட்ரூட்-லாரன்ட்ஸ் நிறமாலை, அடுக்குகளின் ஆழம் 5. இணைப்பு இயக்கி சூடான பக்கம் சிக்மா இசட், குளிர்ந்த பக்கம் சிக்மா எக்ஸ் (இரண்டும் பவுலி அணிகள்). ஒவ்வொரு தேக்கமும் கியூபிட்டின் ஆற்றலை எவ்வளவு மாற்றுகிறது என்பதைத்தான் ஓட்டமாக எடுக்கிறேன்.

தெற்குக்காற்று: அப்படியானால் ஆழம் போதவில்லை. 8-க்கு ஏற்றுங்கள், மட்சுபாரா உறுப்புகளையும் (குறைந்த வெப்பநிலையில் முக்கியமாகும் திருத்தங்கள்) கூட்டுங்கள்.

கியூபிட்_மாணவன்: ஏற்றியாயிற்று. விடை அசையவில்லை.

அடுக்குச்சமன்: சிக்கல் இருப்பது ஓட்டத்துக்கு நீங்கள் எடுத்த வரையறையில். கேட்டோவும் தனிமுராவும் 2016-இல் எழுதியது இதைத்தான். கியூபிட் பக்கமிருந்து அளக்கும் ஓட்டம் வேறு, தேக்கம் இழக்கும் ஆற்றல் வேறு. இரண்டு இணைப்பு இயக்கிகளும் இடம் மாற்றிப் பெருக்கினாலும் ஒன்றே என்றால் நிலைத்த நிலையில் இரண்டும் ஒத்துப்போகும். சிக்மா இசட்டும் சிக்மா எக்ஸும் அப்படியில்லை. அதனால் இரு தேக்கங்களையும் பிணைக்கும் ஓர் உறுப்பு கூடுதலாக வருகிறது. வலு குறைவானபோது அது தலைகாட்டாது, கூடும்போது அதை விட்டுவிட்டால் இரண்டாம் விதியே உடைந்தது போலத் தெரியும். தேக்கத்தின் ஓட்டத்தை ஹியோமின் முதல் அடுக்குத் துணை அணிகளிலிருந்தே எடுக்கலாம்: ஒவ்வொன்றையும் அதன் தளர்வு வீதத்தாலும் இணைப்பு இயக்கியாலும் பெருக்கி டிரேஸ் (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல்) எடுங்கள். இணைப்பு இயக்கியின் வர்க்கத்தோடு வரும் உறுப்பையும் சேர்க்க வேண்டும்.

பழைய_கை: கியூபிட்டுக்கும் தேக்கத்துக்கும் இடையிலான இடைவினை ஆற்றலைத் தேக்கத்தின் கணக்கில் எழுத யார் அனுமதித்தது? வலுவான இணைப்பில் அது அமைப்போடு சேர்ந்தது.

அடுக்குச்சமன்: நிலைத்த நிலையில் இடைவினை ஆற்றலின் சராசரி மாறுவதே இல்லை. அதை யார் கணக்கில் எழுதினாலும் இந்த விடை மாறாது.

அலைச்சார்பு: சோதனைக்கூடத்தில் எதை அளக்கிறார்கள் என்று பாருங்களேன். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பெக்கோலா குழு 2018-இல் வெளியிட்ட வெப்ப வால்வில், ட்ரான்ஸ்மான் (மீக்கடத்திச் சுற்றால் ஆன) கியூபிட்டின் இரு பக்கமும் ஒத்ததிர்விகள், அவற்றின் முனையில் செம்பு மின்தடைகள். வெப்பநிலை பார்த்தது மின்தடையில். தேக்கத்துக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதுதான் கைக்குக் கிடைக்கும் எண்.

பழைய_கை: அந்தச் சோதனையை வைத்து வரையறையை முடிவு செய்ய முடியாது. வலுவான இணைப்பில் வெப்பம் எது, வேலை எது என்பதே இன்னும் தீராத வாதம்.

தெற்குக்காற்று: ரியாக்‌ஷன் கோஆர்டினேட் முறையில் (தேக்கத்தின் ஒரு முக்கிய அதிர்வை அமைப்போடு சேர்த்து அதைப் பெரிதாக்குவது) செய்திருந்தால் இந்தத் தலைவலியே இருந்திருக்காது.

அடுக்குச்சமன்: இருந்திருக்கும். பெரிதாக்கிய அமைப்பிலும் ஓட்டத்தை எந்த எல்லையில் அளப்பது என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

கியூபிட்_மாணவன்: தேக்கப் பக்கக் கணக்கு போட்டேன், குறி சரியாகிவிட்டது. வலு கூடக்கூட ஓட்டம் ஏறி, அப்புறம் இறங்குகிறது. நன்றி அண்ணா, வரைபடம் போட ஓடுகிறேன்.

அடுக்குச்சமன்: உச்சம் எந்த வலுவில் வந்தது? தேக்கத்தின் வெட்டு அதிர்வெண் எவ்வளவு வைத்தீர்கள்? அதையும் இங்கே போட்டுவிடுங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.