ஓவர் 2.5 கட்டினேன், மூணாவது ரவுண்டு வரைக்கும் போயும் ‘தோல்வி’ங்குது. உதவி ப்ளீஸ்

கண்ணாடிக்கதவு: அவசரம். எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டைக்கு ஓவர் 2.5, அதாவது ரெண்டரை ரவுண்டைத் தாண்டும்னு பெட்டு போட்டேன். மூணாவது ரவுண்டுலதான் முடிஞ்சது. மூணு 2.5-ஐ விடப் பெரிசுதானே? நான் நினைச்ச ஆள்தான் ஜெயிச்சான் வேற. ஸ்லிப்புல தோல்வின்னு வருது. யாருகிட்ட புகார் பண்ணணும்?

மழைக்காகம்: மூணாவது ரவுண்டுல எத்தனை நிமிஷம் ஓடுச்சு? மூணு ரவுண்டு சண்டையா, அஞ்சா? எப்படி முடிஞ்சது?

பிடிவாதன்: டாக்டர் நிறுத்தியிருப்பார், எழுதி வச்சுக்கோங்க. டாக்டர் நிறுத்தினா பெட்டிங் தளங்கள் கையை விரிச்சிடும்.

மழைக்காகம்: அப்படி இல்ல ப்ரோ, அதுவும் டிகேஓதான் (டெக்னிக்கல் நாக் அவுட்). 2021 ஜூலையில மெக்ரெகர் கால் உடைஞ்சு சண்டை நின்னப்போ எதிராளி பொரியேவுக்கு டிகேஓ வெற்றி, முதல் ரவுண்டு, 5:00-னுதான் பதிவாச்சு.

தனிவழி: மனிலைனும் (யார் ஜெயிப்பான்ங்கிற பெட்டு) சேர்த்து காம்போவா போட்டீங்களா, இல்ல ஓவர் மட்டும் தனியாவா? நினைச்ச ஆள் ஜெயிச்சான்ங்கிறீங்களே, அதான் கேட்டேன். காம்போன்னா ஒண்ணு போனாலும் மொத்தமும் போச்சு.

உள்வட்டம்: இந்தக் கேள்வி வாராவாரம் வருது. தேடுற பழக்கமே போயிடுச்சு. சரி, இன்னொரு தடவை சொல்றேன். ஒரு ரவுண்டு 5 நிமிஷம், அரை ரவுண்டு 2:30. ஓவர் 2.5 ஜெயிக்கணும்னா மூணாவது ரவுண்டுல 2:30-ஐத் தாண்டணும். மணி அடிச்சு ரவுண்டு தொடங்கினா மட்டும் போதாது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி விதிமுறைப் பக்கத்தைத் திறந்து பார்த்தா யாரும் குறைஞ்சு போயிட மாட்டீங்க.

பிடிவாதன்: இந்தத் தலைவலிக்குத்தான் நான் எப்பவும் ‘எப்படி ஜெயிப்பான்’ பெட்டு மட்டும் போடுறது. நாக் அவுட், சப்மிஷன், டிசிஷன், அவ்வளவுதான். நேரக் கணக்கே கிடையாது.

தனிவழி: அதுல மட்டும் வில்லங்கம் இல்லையா? 2021 மார்ச்சுல சாம்பியன் பியோட்டர் யான் நல்லா ஆடிக்கிட்டிருந்தவர், நாலாவது ரவுண்டுல மண்டியிட்டிருந்த ஸ்டெர்லிங் தலையில முழங்காலால அடிச்சு தகுதிநீக்கம் ஆனார். பெல்ட்டே கை மாறிடுச்சு. தகுதிநீக்கத்தை நாக் அவுட்டோட ஒரே வரியில போட்ட தளத்துல, ஸ்டெர்லிங் நாக் அவுட்னு கட்டினவனுக்குக்கூட காசு.

பிடிவாதன்: நாக் அவுட்டே நடக்கலையே! அது எப்படி நியாயம்?

தனிவழி: வரியில ‘கேஓ / டிகேஓ / டிக்யூ’ன்னு (டிக்யூன்னா தகுதிநீக்கம்) எழுதியிருந்தா நியாயம்தான்.

பிடிவாதன்: எழுதி வச்சுட்டா எல்லாம் நியாயமாயிடுமா?

உள்வட்டம்: இதுக்குத் தனி இழை போட்டுக்கோங்க. கேட்டவர் எங்கே?

கண்ணாடிக்கதவு: வேலையில மாட்டிக்கிட்டேன். ஓவர் தனி ஸ்லிப்பு. ரெஃப்ரி நிறுத்தினப்போ ஸ்கிரீன்ல 3:08. 2:30-ஐத் தாண்டியாச்சே, இப்ப என்ன சொல்றீங்க?

மழைக்காகம்: ஆஹா, இதான் விஷயம். ஸ்கிரீன்ல ஓடுறது 5:00-லேருந்து கீழே இறங்குற கடிகாரம். 3:08 மீதி இருந்துச்சுன்னா ஓடினது 1:52-தான். அதிகாரபூர்வ முடிவைப் பாருங்க, மூணாவது ரவுண்டு 1:52-னு இருக்கும். இன்னும் 38 விநாடி இழுத்திருக்கணும்.

பிடிவாதன்: அப்பீல் பண்ணுங்க நண்பா, முடிவுகளை மாத்துறது உண்டு. 2017-ல ஜோன்ஸ் கோர்மியேவை அடிச்சது ஊக்கமருந்து சோதனைக்கப்புறம் ‘நோ கான்டெஸ்ட்’ (யாருக்கும் வெற்றி இல்ல) ஆகலையா?

உள்வட்டம்: அன்னிக்கு ராத்திரி அறிவிச்ச முடிவை வச்சுத்தான் பெரும்பாலான தளங்கள் கணக்கு முடிக்கும். அப்புறம் சண்டையை மேற்பார்க்குற ஆணையம் முடிவை மாத்தினாலும் பெட்டு மாறாது. இவர் விஷயத்துல மாத்துறதுக்கே ஒண்ணும் இல்ல.

கண்ணாடிக்கதவு: 1:52-னுதான் போட்டிருக்கு. புகார் எழுதல. நன்றி.

தனிவழி: மூணு ரவுண்டா அஞ்சான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே இந்த மனுஷன்.

உள்வட்டம்: 2.5-க்கு அது தேவையும் இல்ல.