புதுப்பிப்பு: அந்தச் சிவப்புக் கோட்டு இறால் எந்தப் பேரினம்?

முந்தைய பதிவில் இருந்த படம் மேலிருந்து எடுத்தது. பவளப்பாறை இடுக்கில் நின்ற, சிவப்பும் வெள்ளையும் கோடாக ஓடும் சிற்றிறால். லிஸ்மாட்டாவா, ரிங்கோசினெட்டிஸா என்பதுதான் கேள்வி. இப்போது பக்கவாட்டுப் படங்கள் வந்துவிட்டன: ரிங்கோசினெட்டிஸ்.

முடிவு செய்தது நிறமல்ல, முன்கொம்பு. கண்களுக்கு நடுவே நீளும் அந்தப் பல்வரிசைக் கூர்முனை, ரிங்கோசினெட்டிஸில் கீல் வைத்ததுபோல் தலையோட்டோடு இணைந்து மேலும் கீழும் அசையும். ஒரு படத்தில் நிமிர்ந்தும் அடுத்ததில் தாழ்ந்தும் இருக்கிறது. அடியில் மூட்டுக்கோடும் தெரிகிறது. லிஸ்மாட்டாவில் கொம்பு ஓட்டின் நீட்சியே, அசையாது.

கொம்பு உடைந்திருந்தால் இரண்டாம் இணைக் காலைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடுக்கிக்கு முந்திய கணு லிஸ்மாட்டாவில் பல சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். இதில் ஒரே துண்டு. ரிங்கோசினெட்டிஸின் அடையாளமாகச் சொல்லப்படும் முதுகுக் கூன் பெரிய ஆதாரமில்லை, கோணம் மாறினால் எந்த இறாலும் கூனும்.

இன்னொரு இறால் பேரினமான ஸ்டெனோபஸாக இருக்கலாம் என்ற ஊகமும் விழுகிறது: அதற்கு மூன்றாம் இணைக் காலில்தான் பெரிய இடுக்கி. இதற்கு அங்கே இடுக்கியே கிடையாது.

சிற்றினப் பெயர் போடவில்லை. இந்தப் பேரினத்தில் கோட்டமைப்பு ஒன்றையொன்று ஒத்திருப்பதால், படத்தை வைத்துச் சொல்வது ஊகம்தான்.

மாதிரி எடுப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே அளவுகோலுடன் படமெடுங்கள். மாதிரியைக் கெடாமல் வைக்கும் எத்தனாலில் (ஆல்கஹால்) சிவப்பு வெளுத்துவிடும். உடலமைப்பு ஆய்வுக்கு 70% எத்தனால் போதும், மரபணு ஆய்வுக்கு 95%.