ஹட்டன் பக்கம் புதிய பேஸ்போல் மைதானம்: ஆட்களை உள்ளே விடுவதற்கு முன் என்ன பார்க்கணும்?

டிக்கோயா_கிரவுண்ட்
வணக்கம். ஹட்டனுக்குக் கிட்ட, 1,270 மீட்டர் உயரத்தில், மலையை ஒரு பக்கம் வெட்டி அந்த மண்ணை மறுபக்கம் நிரப்பி ஒரு பேஸ்போல் மைதானம் முடிகிற கட்டத்தில் இருக்கு. ஹோம் பிளேட் (அடிப்பவர் நிற்கும் இடம்) வெட்டிய பக்கம், அவுட்ஃபீல்ட் நிரப்பிய பக்கம். வெட்டிய சரிவிலேயே படி கட்டி 2,000 பேருக்கு இடம். ஏறி இறங்க நாலடி அகலத்தில் இரண்டு படிக்கட்டு. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மட்டும் வலை, அதுவும் ஃபுட்போல் கோலுக்கு வாங்கியதில் மிஞ்சியது. மவுண்ட், அதாவது பிட்சர் நின்று பந்து எறியும் மண்மேடு, இன்னும் போடவில்லை. திறப்பு ஜூன் முதல் கிழமை என்று பேச்சு. கமிட்டியில் எல்லாரும் கிரிக்கெட் ஆட்கள். "ரோலர் இருக்கு, கவர் இருக்கு, வேற என்ன?" என்கிறார்கள். வேற என்ன இருக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கான்வெட்டு
முதலில் திகதியை மாற்றுங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜூனில் விழா வைத்தால் குடைதான் மட்ச் பார்க்கும். பெப்ரவரிக்குத் தள்ளுங்கள். ஆனால் இந்த ஜூன் மழையை வீணாக்காதீர்கள், மைதானத்துக்கு அதுதான் சோதனை. சனம் வருவதற்கு முன் ஒரு பருவமழை அதன் மேல் பெய்து போகட்டும்.

மழை நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டியது வெட்டிய பக்கத்துத் தாங்கு சுவர். சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைக் கவனியுங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கல் வந்தால் பின்னால் மண் கரைந்து வெளியேறுகிறது, சல்லி வடிகட்டி சரியாகப் போடவில்லை. அடை மழையிலும் காய்ந்து கிடந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஓட்டை அடைபட்டு, சுவர் தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று அர்த்தம். சரிவின் தலைப்பில் ஒரு கான் வேண்டும், சீமெந்து பூசிய கான். வெறும் மண் கான் என்றால் தண்ணீர் அங்கேயே சுவறி நீங்கள் வெட்டிய முகத்துக்குத்தான் வரும்.

நிரப்பிய பக்கம் கட்டாயம் இறங்கும். அவுட்ஃபீல்ட் வேலியோரமாக ஆணிக்கம்பு அடித்து மட்டம் குறித்து வைத்து, மழைக்காலம் முழுக்கக் கிழமைக்கு ஒரு தரம் பாருங்கள். விளிம்புக்குச் சமாந்தரமாகப் பிறை மாதிரி வெடிப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் ஒருவரையும் விடாமல் உடனே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அவர்களுடைய மண்சரிவு அனுமதி கட்டும்போதே எடுத்திருப்பீர்கள். இருக்கைப் படிகள் பிறகு சேர்த்த வேலை என்றால், அந்த அனுமதியில் அவையும் அடங்குகிறதா என்று பாருங்கள்.

ரோலர் பற்றி: இன்ஃபீல்ட் செம்மண் பகுதியில் மழை விட்ட கையோடு ரோலர் இழுத்தால் மேல்மண் ஓடு மாதிரி இறுகி, தண்ணீர் இறங்காது. மேலே கால் அங்குலம் எப்போதும் இளகி இருக்க வேண்டும். ஆணிப் பலகை இழுத்துத்தான் அதை வைத்திருக்கலாம். மவுண்டிலிருந்து வெளியே 10 மீட்டருக்கு 5 சென்ரிமீட்டர் சாய்வு போதும். தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றால் புல்லுக்குள் தள்ளவே கூடாது. மண்ணும் சேர்ந்து போய்ப் புல் விளிம்பில் வரப்பு கட்டிவிடும், அடுத்த மழைக்கு அந்த வரப்பே அணை.

ஒன்பதாவது_இன்னிங்ஸ்
அண்ணன் தண்ணீர்க் கதையைச் சொல்லிவிட்டார், நான் அளவைச் சொல்கிறேன். கிரிக்கெட் ஆட்கள் பிழைவிடும் இடம் மவுண்ட்.

துணி டேப் வேண்டாம், நனைந்தால் இழுபடும். ஸ்டீல் டேப் எடுங்கள். ஹோம் பிளேட்டின் பின் முனையிலிருந்து இரண்டாம் பேஸின் (ஓடுபவர் தொடும் மூன்று பைகளில் நடுவது) நடுவுக்கு 38.80 மீட்டர். அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் 27.43 மீட்டர் வில் போட்டு வெட்டும் இடங்கள்தான் முதலாம், மூன்றாம் பேஸ் மூலைகள். அந்த இரண்டு பேஸும் இந்த நாலு புள்ளியும் சேரும் சதுரத்துக்கு உள்ளே அடங்கணும், இரண்டாம் பேஸ் மட்டும் புள்ளிக்கு நடுவில் உட்காரும். இது தெரியாமல் மூன்றையும் ஒரே மாதிரிப் பதித்துவிடுவார்கள்.

பிட்சர் கால் வைக்கும் ரப்பர் பலகையின் முன் விளிம்பு ஹோம் பிளேட் பின் முனையிலிருந்து 18.44 மீட்டர். மவுண்ட் 18 அடி விட்டம், ஆனால் வட்டத்தின் நடு ரப்பரில் இல்லை, அதற்கு ஒன்றரை அடி முன்னால், அதாவது முனையிலிருந்து 59 அடியில். ரப்பரின் மேல்மட்டம் ஹோம் பிளேட்டை விட 10 அங்குலம் உயரம். ரப்பருக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து, அடிக்கு ஒரு அங்குலம் என்று 6 அடிக்கு இறங்கணும். நீளப் பலகை ஒன்றின் அடியை இந்தச் சாய்வுக்கு அறுத்து மட்டக்கோல் வைத்துப் பார்த்தால் பிழைக்காது.

மண்ணை ஒரே தரத்தில் குவிக்காதீர்கள். ஒரு அங்குலம் போட்டு, ஈரம் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, மேற்பரப்பைக் கீறிவிட்டு அடுத்த அங்குலம். கீறாவிட்டால் அடுக்கு அடுக்காகக் கழன்று வரும்.

டிக்கோயா_கிரவுண்ட்
மிக்க நன்றி. மவுண்டுக்கு இங்கே வெட்டிய செம்மண்ணே போதுமா?

ஒன்பதாவது_இன்னிங்ஸ்
போத்தலில் போட்டுப் பாருங்கள் தம்பி. மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் நிற்பது மணல். இரண்டு மணித்தியாலத்தில் அதற்கு மேல் படிவது வண்டல். அடுத்த நாள் வரை இறங்குவது களி. இன்ஃபீல்டுக்கு மணல் 60 முதல் 70 வீதம் இருக்கணும். மவுண்டில் பிட்சர் நிற்கும் தட்டையான உச்சியும் கால் ஊன்றும் இடமும் களி 40 வீதத்துக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் இரண்டு இன்னிங்ஸில் குழி. களி குறைந்தால் செங்கல் சூளைக்காரரிடம் வாங்கி, சலித்துக் கலக்கலாம்.

கவர் இரண்டு தனியாக வேண்டும். மவுண்டுக்கு 6.5 மீட்டர் சதுரம், ஹோம் பிளேட் வட்டத்துக்கு 9 மீட்டர். கல் வைத்து அழுத்தாதீர்கள், மணல் மூட்டை வையுங்கள். ஜூலைக் காற்றில் கல் நிற்காது.

வலைக்குப்_பின்னால்
எனக்குப் பெரிய பயம் அந்த ஃபுட்போல் வலை. அதன் கண் 10, 12 சென்ரிமீட்டர். பேஸ்போல் 7.5 சென்ரிமீட்டருக்குள், நேராகப் புகுந்து வரும். கண் 4.5 சென்ரிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நைலோனை விட பொலிஎதிலீன் நல்லது, தண்ணீர் குடித்துத் தொங்காது. பந்து பட்டால் வலை பின்னால் இழுபடும், அதனால் முதல் வரிசைக்கும் வலைக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மட்டும் வலை போடுவது பழைய பழக்கம். அமெரிக்காவில் 2018 சீசனிலிருந்து மேஜர் லீக்கின் 30 அணிகளும் டக்அவுட்டின் (அணியினர் உட்காரும் இடம்) தொலைமுனை வரையாவது நீட்டிவிட்டன. நம்ம சனத்துக்குக் கிரிக்கெட் பழக்கம், ஓவர் நடுவில் வடை வாங்கத் திரும்புவார்கள். ஃபவுல் போல், அதாவது கோட்டுக்கு வெளியே பறக்கும் பந்து, அந்த நேரம் பார்த்து வராமல் இருக்காது. வேலிக்கு அப்பால் தேயிலை மலை என்றால் கொழுந்து எடுக்கும் நாளில் மட்ச் வைக்காதீர்கள், ஞாயிறு வையுங்கள்.

படிக்கட்டுக் கணக்கு: ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம் என்பது பிரித்தானிய ஸ்டேடியம் வழிகாட்டியின் அளவு. உங்கள் இரண்டும் சேர்ந்து 2.4 மீட்டர், நிமிடத்துக்கு 158 பேர். 2,000 பேருக்குப் பன்னிரண்டரை நிமிடம். 8 நிமிடத்துக்குள் முடியணும். மழை வந்தால் எல்லாரும் ஒன்றாக எழும்புவார்கள், ஈரப்படியில். இன்னொரு 1.5 மீட்டர் படிக்கட்டு கட்டுங்கள், அல்லது 1,200 பேரோடு திறவுங்கள். நடுவில் கைப்பிடியும் வேண்டும்.

அட்டைக்குப் பயந்து படியோரப் புல்லில் உப்புத் தூவ யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள், புல்தான் சாகும்.

பண்டாரவளை_கச்சான்
பெப்ரவரி ஹட்டனுக்குச் சரி. இதை வாசிக்கும் பதுளை, பண்டாரவளை ஆட்கள் அப்படியே எடுக்க வேண்டாம். நமக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, ஜூன் ஜூலை மழையில்லாமல் காய்ந்திருக்கும், ஆனால் காற்று.

விதிப்புத்தகம் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் பக்கம் கிழக்கு-வடகிழக்காக இருந்தால் நல்லது என்கிறது. அது பின்நேர மட்ச்சை நினைத்து எழுதியது. மலைநாட்டில் பின்நேரம் மூடுபனி இறங்கும், காலையில்தான் ஆட வேண்டும். ஏழரை, எட்டு மணிக்குத் தொடங்கினால் சூரியன் அடிப்பவர் கண்ணில். ஒன்பதுக்குத் தொடங்குங்கள்.

உயரத்தையும் மறக்காதீர்கள். டென்வர் கூர்ஸ் ஃபீல்ட் ஏறத்தாழ 1,580 மீட்டரில் இருக்கு, காற்று மெலிந்து பந்து தூரம் போகும் என்றே நடுவேலியை 415 அடியில் வைத்தார்கள். ஹட்டன் அதை விடக் கீழே, நுவரெலியா 1,868 மீட்டர், அதை விட மேலே. டென்வரில் பந்து காய்ந்துவிடுகிறது என்று 2002 முதல் ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கிறார்கள். நமக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, பந்து ஈரம் குடித்துப் பாரமாகும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பைகளோடு வைத்து, நனைந்ததை அடுத்த மட்ச்சுக்கு எடுக்காமல் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.