பச்சோந்தி தொட்டி மண்ணைத் தின்கிறது: தடுக்கணுமா, விட்டுடலாமா?

இலைமறைவு (கேள்வி)

வணக்கம். பெண் வெயில்டு (veiled, தலையில் கொண்டை உள்ள வகை) பச்சோந்தி, 8 மாதம். கொஞ்ச நாளாக மணி பிளான்ட் தொட்டிக்கு இறங்கி வந்து மண்ணைத் தின்கிறது. பூச்சியோடு தவறி ஒட்டிக்கொண்டு போவது இல்லை. தலையைச் சாய்த்து, ஒரு வாய் மண்ணைக் கடித்து எடுத்து, நிதானமாக மென்று விழுங்குகிறது.

60×60×120 செ.மீ. வலைக்கூண்டு. 6 சதவீத டி5 யூவிபி குழல் (புற ஊதா பி கதிர் தரும் மெல்லிய குழல்விளக்கு) மேல் வலையின் மீது இருக்கிறது. வெயில் காயும் கிளை அதற்கு 40 செ.மீ. கீழே, அங்கே வெப்பம் 32 டிகிரி. வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடி வாரம் ஒரு தடவை. தொட்டியில் நர்சரியிலிருந்து வந்த அதே மண், வெள்ளை மணிகள் கலந்தது. முட்டையிடும் பெட்டி வைக்கவில்லை. தீனி, எச்சம் இரண்டும் வழக்கம்போல்தான்.

எதனால் இப்படி? தொட்டியையே எடுத்துவிடலாமா? டி3 பொடியைக் கூட்டினால் நிற்குமா?

கிளைவாசி

டி3 பொடியைக் கூட்டாதீர்கள். அது உடம்பில் தங்கும் வைட்டமின். அளவு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் கால்சியம் படியும். கழுத்தைச் சுற்றிப் பை மாதிரி நீர் கோர்த்துக்கொள்வதும் பெரும்பாலும் பொடி மிகையானால் வருவதுதான்.

கோளாறு பொடியைவிட விளக்கில் இருப்பதாகத் தெரிகிறது. தோலில் யூவிபி பட்டால்தான் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். 6 சதவீத டி5 குழலை வலைக்கு மேல் வைத்தால், பச்சோந்தியின் முதுகு ஏறக்குறைய 20–23 செ.மீ. கீழே இருக்கும்போதுதான் யூவி குறியீடு 3 அளவில் கிடைக்கும். 40 செ.மீ.யில் அதில் பாதிகூட வராது. கிளையை உயர்த்துங்கள். தூரத்தைக் கிளையிலிருந்து அளக்காமல், அது உட்கார்ந்திருக்கும்போது முதுகிலிருந்து அளங்கள். வலையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும் பழக்கம் இருந்தால், வெப்ப பல்பை வலையிலிருந்து சற்றுத் தூக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் முதுகு சுட்டுவிடும். குழல் வெளிச்சம் தருகிறது என்பதற்காக யூவிபியும் வருகிறது என்று அர்த்தமில்லை. 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நடுவில் கண்ணாடி வந்தால் யூவிபி அப்படியே நின்றுவிடும்.

பொடி முறையும் மாற வேண்டும். டி3யும் பாஸ்பரஸும் இல்லாத வெறும் கால்சியத்தை ஒவ்வொரு தீனிக்கும் மெல்லிசாகத் தூவுங்கள். டி3யும் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏயும் உள்ள மல்டிவைட்டமின் மாதத்துக்கு 2 தடவை, 15 நாள் இடைவெளியில். ஒரு டம்ளரில் பூச்சிகளையும் சிட்டிகைப் பொடியையும் போட்டுக் குலுக்கினால் போதும். பூச்சியின் நிறம் பொடிக்கு அடியில் தெரிய வேண்டும், வெள்ளையடித்தது போல் ஆகக் கூடாது. குலுக்கியதும் கொடுத்துவிடுங்கள். கிரிக்கெட் பூச்சி தன் மேலுள்ள பொடியைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், தாமதித்தால் வெறும் பூச்சிதான் உள்ளே போகும்.

கிரிக்கெட், டூபியா கரப்பான் போன்ற தீனிப் பூச்சிகளில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, கால்சியம் 2 பங்கு, பாஸ்பரஸ் 1 பங்கு. அதனால் கொடுப்பதற்கு முதல் நாளே பூச்சிகளுக்கு வயிறு நிறையக் கடுகுக்கீரை மாதிரி கால்சியம் உள்ள இலைகளைப் போடுங்கள். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் இயற்கையாகவே கால்சியம் அதிகம், இடையிடையே அதையும் சேர்க்கலாம்.

முட்டைப்பெட்டி

விளக்கைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 8 மாதப் பெண் வெயில்டு என்றால் முதலில் முட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த வகை, ஆணோடு சேராமலே முட்டையிடும். ஓடு உருவாகக் கால்சியம் எலும்பிலிருந்து உருவப்படுகிறது, அந்தச் சமயத்தில் மண்ணைத் தேடுவது பலரிடமும் நடப்பது. தொட்டிக்கு இறங்குவது மண்ணைச் சோதித்துப் பார்ப்பதாகவும் இருக்கலாம். முன்னங்காலால் பறிக்கிறதா, கூண்டின் அடியில் அங்குமிங்கும் அலைகிறதா, வயிற்றின் பக்கவாட்டில் மேடு மேடாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆகவே தொட்டியை மட்டும் எடுத்துவிட்டு வெறும் கூண்டில் விட்டால் ஆபத்து. தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே உலை. இன்றைக்கே பெட்டி வையுங்கள். நீள அகலம் குறைந்தது 30 செ.மீ., ஆழமும் 30 செ.மீ., வெளியே பார்க்க முடியாத பிளாஸ்டிக். உரமில்லாத மேல்மண்ணும் கழுவிய மணலும் சரிபாதி. ஈரம் எவ்வளவு என்றால், விரலால் சுரங்கம் குடைந்தால் சரியாமல் நிற்க வேண்டும், கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஏறி இறங்க ஒரு கிளையைச் சாய்த்து வையுங்கள். தோண்டத் தொடங்கியதும் கூண்டின் முன்பக்கம் துணி போட்டுவிடுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பாதியில் விட்டுவிடும்.

32 டிகிரி பெண்ணுக்கு அதிகம். 27க்குக் கொண்டுவாருங்கள். வளர்ச்சி முடிந்ததும் தினமும் தீனி போடுவதை விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் 3–4 பூச்சி என்று குறைத்தால் அடுத்த ஈடுகளில் முட்டை எண்ணிக்கையும் குறையும். ஆனால் இப்போது முட்டை இருப்பது உறுதியானால், போட்டு முடிக்கும் வரை தீனியைக் குறைக்க வேண்டாம்.

வேர்மண்

மண் தின்பதையே நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இயற்கைச் சூழலில் இருக்கும் பச்சோந்திகளும் மண் தின்பது பதிவாகியிருக்கிறது. நல்ல விளக்கு, சரியான பொடி, தண்ணீர் எல்லாம் இருந்தும் அவ்வப்போது ஒரு கடி கடிக்கும் விலங்குகள் உண்டு. அப்படிக் கொஞ்சமாகப் போகும் சுத்தமான நைஸ் மண், உடம்பில் நீர்ச்சத்து இருந்தால் எச்சத்தோடு வெளியேறிவிடும். எனவே முழுக்கத் தடுப்பதைவிட, தின்றாலும் கெடுதல் செய்யாத மண்ணாக மாற்றுவது முக்கியம் என்பது என் கருத்து.

உங்கள் தொட்டியில் இருக்கும் மண் அப்படிப்பட்டதல்ல. அந்த வெள்ளை மணிகளை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நொறுங்கிப் பொடியானால் பெர்லைட், அது எரிமலைக் கண்ணாடி, செரிக்காது. மஞ்சளாகவோ பச்சையாகவோ வழவழப்பான உருண்டைகள் இருந்து, உடைத்தால் உள்ளே பிசுபிசுப்பு வந்தால் அது மெல்லக் கரையும் உரம். உரம் வயிற்றுக்குள் போகவே கூடாது. செடியைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசி, ஓடும் நீரில் விரலால் கோதிக் கழுவுங்கள். வேர்ச் சிக்கலுக்கு நடுவில்தான் இந்த உருண்டைகள் ஒளிந்திருக்கும். பிறகு உரமில்லாத மேல்மண்ணில் நடுங்கள். தனித் தென்னை நார்க்கழிவு வேண்டாம். நீண்ட நார்கள் குடலில் பந்தாகத் திரளும்.

இன்னொன்று: வெயில்டு இலையையும் தின்னும். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்தை வேர் வழியாகக் கொடுத்திருந்தால் இலையைக் கழுவினாலும் போகாது, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். மருந்து போட்டதா என்று தெரியாத செடியை உடனே கூண்டில் வைக்காமல் பல மாதம் வெளியே வளர்த்துவிட்டு, புதிதாக வந்த இலைகளோடு உள்ளே கொண்டுபோங்கள்.

இலைமறைவு

நன்றி. வெள்ளை மணி நசுங்கிப் பொடியாகிறது, பெர்லைட்தான். இதுவரை தின்றது வெளியே போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டியின் மேல் கூழாங்கல் பரப்பினால் போதுமா?

கிளைவாசி

கல் பரப்பலாம், ஆனால் சின்னக் கூழாங்கல் மண்ணைவிட மோசம். விழுங்கினால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கல்லும் அதன் தலையைவிடப் பெரிதாக, வழவழப்பாக இருக்கட்டும். இடுக்குகளில் மண் தெரியாதபடி இரண்டு அடுக்காக வையுங்கள். கொசுவலைத் துணியை விரிக்காதீர்கள், நகம் மாட்டி விரல் கிழியும். தொட்டியை மூடினாலும் முட்டையிடும் பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும். பூச்சிகளைத் தரையில் விடாமல், பக்கச் சுவர் வழவழப்பான ஒரு கிண்ணத்தில் போட்டுக் கிளை உயரத்தில் கட்டிவிடுங்கள். நாக்கு நுனியின் பிசுபிசுப்பில் மண் ஒட்டுவதும் அதோடு நிற்கும்.

எச்சத்தை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து, தண்ணீர் விட்டுக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். மணல் அடியில் தங்கும், பெர்லைட் மேலே மிதக்கும், நார் இழை இழையாகப் பிரியும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் வெளியேறுகிறது என்று பொருள். கூடவே வரும் யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு) வெள்ளையாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் அதிகமானால் தண்ணீர் போதவில்லை. விளக்கு எரிவதற்கு முன்னும் அணைந்த பிறகும் 2 நிமிடம் தெளிப்பு, பகலில் 15–20 நிமிடம் இலையில் சொட்டும் நீர் வைத்துப் பாருங்கள். ஈர மண்ணை நக்குவது சில சமயம் வெறும் தாகம்தான்.

குடல் அடைப்புக்கு எண்ணெய் ஊற்றுவது, தண்ணீர்த் தொட்டியில் குளிப்பாட்டுவது இரண்டும் வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழலில் போனால் நுரையீரல் கெடும்.

முட்டைப்பெட்டி

இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், ஊர்வன பார்த்துப் பழக்கம் உள்ளவராக இருந்தால் நல்லது. முட்டை, எலும்பின் அடர்த்தி, குடலில் மணல் மூன்றும் ஒரே படத்தில் தெரியும். தென்னை நார் மட்டும் அதில் தெளிவாக விழாது. எச்சத்தையும் எடுத்துப் போங்கள். காய்ந்ததில் ஒட்டுண்ணி தெரியாமல் போகலாம், ஈரமாக இருக்கும்போதே மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். உறைய வைக்கக் கூடாது. பரிசோதிக்காமல் குடற்புழு மருந்து கொடுக்காதீர்கள்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டு அடியில் உட்கார்ந்திருந்தால், தோண்டிவிட்டு முட்டை போடாமல் ஓய்ந்து கிடந்தால், முக்கியும் எச்சம் வராவிட்டால், பின்னங்கால் பிடி தளர்ந்தால், அன்றைக்கே போக வேண்டும், எச்சம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆசனவாயில் சிவப்பாகச் சதை பிதுங்கினால் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஈரமாக மூடிக்கொண்டு கிளம்புங்கள், உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.