பாடத்தில் படித்த அணி உங்களை எங்கே மடக்கியது? அனுபவங்களைப் பகிருங்கள்

பின்வரிசை:
சிலப்பதிகாரத்தில் வரும் மதுரைக் கோட்டைக் கொடிகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். கோவலனும் கண்ணகியும் நகரை நெருங்கும்போது 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்று வரும். எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதினார். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது, தேர்வில் கட்டாயம் வரும், அவ்வளவுதான். அடுத்த அணிக்குத் திரும்பிவிட்டார். என் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். "ஐயா, அன்றைக்குக் காற்று வேறு பக்கமாக அடித்திருந்தால் கொடிகள் 'வா வா' என்று சொல்லியிருக்குமா?"

வகுப்பே சிரித்தது. "உட்காரடா" என்றார் ஆசிரியர். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு தமிழ் வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை. அவன் கேலி செய்யவில்லை என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். முகம் அவ்வளவு தீவிரமாக இருந்தது. அந்த அறையில் அணி புரிந்தது அவன் ஒருவனுக்குத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஓரெழுத்து:
உங்கள் நண்பரின் கேள்விக்குக் கம்பர் எப்போதோ பதில் எழுதிவிட்டார். மிதிலைக் காட்சிப் படலத்தின் முதல் பாட்டைப் பாருங்கள். இராமன் வரும்போது மிதிலை நகரம் 'செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி', 'ஒல்லை வா' என்று அழைக்கிறது. அதே கொடி, அதே காற்று. உள்ளே சீதை காத்திருப்பதால் 'வா'. மதுரையில் கொலைக்களம் காத்திருப்பதால் 'வராதே'. காற்றின் திசையைக் கவிஞர்தான் தீர்மானிக்கிறார். இதை அன்றே யாராவது அந்தப் பையனிடம் சொல்லியிருக்கலாம்.

என் சொந்த அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த இரண்டு பாடல்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தது. அன்று இரவு உணவு ஆறிப்போனது.

தளைதட்டாதவர்:
ஓரெழுத்து அவர்களே, ஒரு சின்னத் திருத்தம். 'கொடிகள் என்னும் கைகள்' உருவகம். அதற்குமேல்தான் தற்குறிப்பேற்றம் ஏறுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். இன்னொன்று, 'போல்', 'போன்றது' என்று எங்கே கண்டாலும் உவமை என்று எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டு பாடல்களிலும் அந்த உருபு இருக்கிறது. ஆனாலும் இவை வெறும் உவமை அல்ல. கொடி கையைப் போல அசைந்தது என்றால் உவமை. கொடிக்கு ஒரு நோக்கம் இருப்பதாகச் சொன்னால்தான் தற்குறிப்பேற்றம்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மரபுக் கவிதைப் போட்டி. 'மழை' என்று தொடங்கிய அடியில் மூன்றாம் சீர் 'வந்த' என்று இருந்தது. நடுவர் தாளைத் தூக்கிக் காட்டி, "இங்கே மோனையே இல்லையே தம்பி" என்றார், அத்தனை பேர் முன்னிலையில். சீர்களின் முதல் எழுத்து ஒன்றி வருவதுதான் மோனை. மகரமும் வகரமும் இன எழுத்துகள், மோனையாக வரலாம். தகரம் சகரத்தோடும், ஞகரம் நகரத்தோடும் அப்படியே. யாப்பில் இது அரிச்சுவடி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தண்டியலங்காரத்துப் பொருளணிகள் 35-ஐயும் பெயர் வரிசையாக உருப்போடாதீர்கள். ஓர் அணிக்கு ஒரு குறள் போதும். நிரல்நிறைக்கு 45: அன்பும் அறனும், பண்பும் பயனும். அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று வரிசை மாறாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறிது மொழிதலுக்கு 475: மயிலிறகும் வண்டியும் மட்டும் பாட்டில் இருக்கும், பகைவர் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஏகதேச உருவகத்துக்கு 10: பிறவியைக் கடல் ஆக்கினார், இறைவன் அடியைத் தெப்பம் ஆக்கவில்லை. "கடல் இங்கே, தெப்பம் எங்கே?" என்று தேடினாலே அந்த அணி பிடிபட்டுவிடும். உவமை எந்த வகை என்று பிரிக்கத் தொல்காப்பியர் சொன்ன வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்ற நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குறுந்தொகையின் செம்புலப் பெயல்நீரை, அதாவது செம்மண்ணில் பெய்த மழைநீரை, நிறத்தோடு நிறுத்திவிடுபவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். அங்கே கலப்பதுதான் உவமை, அது வினை. அதன் பிறகு எதுகைக்கு வாருங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்துகள் அளவிலும் ஒக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்.

சும்மா படிப்பவர்:
நடுவரிடம் இதைச் சொன்னீர்களா, இல்லையா? அதைச் சொல்லாமல் எங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டீர்களே.

நிலா வாசகி:
உள்ளுறை உவமம் எனக்கு ஏறியதே இல்லை. சொல்ல வந்ததை மறைத்து, தெய்வம் நீங்கிய கருப்பொருள்களை (மரம், மீன் போன்றவற்றை) நிலமாகக் கொண்டு வரும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. வழக்கறிஞராக இருக்கும் என் தங்கைக்குத் தமிழ் இலக்கியம் என்றாலே தூக்கம் வரும். ஒரு நாள் அவளுக்குக் குறுந்தொகை எட்டாம் பாட்டைப் படித்துக் காட்டினேன். வயலோரத்து மாமரத்துப் பழம் தானாக விழ, குளத்து வாளைமீன் கவ்வுகிறது, அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன். பேசுபவள் பரத்தை என்று மட்டும் சொன்னேன்.

தங்கை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, மீன் மரத்தில் ஏறவில்லை. பழம்தான் தண்ணீருக்கு வந்தது. நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனாகத்தான் வந்தான் என்கிறாள். குற்றத்தையே ஒப்புக்கொள்ளாத வாக்குமூலம் இது!"

அந்தப் பாட்டில் கண்ணாடிப் பாவை உவமையும் உண்டு. பிறர் கைகால் தூக்கினால் தானும் தூக்கும் பாவை போல, அவன் மனைவி சொன்னபடி ஆடுகிறானாம். உரைகள் அதைத்தான் பெரிதாகப் பேசும். எனக்கு இப்போது வாளைமீன்தான் தெரிகிறது.

தளைதட்டாதவர்:
சும்மா படிப்பவருக்கு: சொல்லவில்லை. அவர் வயதில் மூத்தவர். நிலா வாசகி, பாவை உவமை வெளிப்படை, வாளை உள்ளுறை. இரண்டும் ஒரே பாட்டில் இருப்பதால்தான் ஒப்பிட்டுப் படிக்கலாம். உரையாசிரியர்களை விட்டுவிடுங்கள்.

கடைசி மேசை:
என்னை மடக்கியது வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வதுபோல் பழிப்பது. எங்கள் அலுவலகத்தில் ஓர் அதிகாரிக்குப் பிரிவு உபசார விழா. யார் பேச்சையும் கேட்காமல் தன் விருப்பப்படியே எல்லாவற்றையும் நடத்தியவர். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மூத்த அம்மா எழுந்து, மாலையைப் போட்டுவிட்டு, குரல் தழுதழுக்கச் சொன்னார்: "வள்ளுவர் சொன்னதுபோல், ஐயா தேவர் அனையர்! தாம் மேவன செய்தொழுகுபவர்!" இடையில் இருக்கும் 'கயவர்' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார். குறள் 1073 தெரிந்தவர்கள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவிடம் போய், இவ்வளவு நல்ல குறளைத் தமக்கு ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார்.

அந்த அம்மா தெரிந்தே செய்தாரா, நினைவு தப்பியதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சும்மா படிப்பவர்:
அதை விடுங்கள். எழுதிக் கொடுத்தாரா? கொடுத்தார் என்றால் எத்தனை சீர்?